செட்டிநாட்டு வெயிலில் பழ ஈ வளர்த்து இறக்கை மரபணுக்களைப் படிக்கும் முறை

கூட்டுப்புழுவாகி 21 முதல் 23 மணி நேரம் ஆன பழ ஈயை 40 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் வைத்தால், பிறகு வெளிவரும் ஈக்கள் சிலவற்றின் இறக்கையில் குறுக்கு நரம்பு இருக்காது. பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் 1953இல் வெளியிட்ட சோதனை இது. அந்த ஈக்களுக்குப் புதிதாக எந்தச் சடுதி மாற்றமும் நேரவில்லை. வளரும் நேரத்தில் பட்ட சூடே நரம்பை அழித்தது. சித்திரை, வைகாசியில் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மதியம் இரண்டு மணிக்கு வெளித்திண்ணையில் அடிக்கும் வெப்பம் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே இந்தப் பக்கத்தில் பழ ஈ வளர்க்கத் தொடங்குகிறவர்கள் நுண்ணோக்கிக்கு முன்பாகவே ஒரு நல்ல வெப்பமானியை வாங்கிவிட வேண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் வகையாக இருக்கட்டும்.

விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், பள்ளியில் இதைச் செய்துகாட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி. 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி, கல்லூரிகளில் சாதாரணமாக இருக்கும் ஒரு கூட்டு நுண்ணோக்கி, சமையலறைச் சாமான்கள், சில ரசாயனங்கள் இருந்தால் போதும்.

எந்த ஈ, எங்கிருந்து

நமக்கு வேண்டியது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். மாம்பழத்துக்குள்ளும் கொய்யாவுக்குள்ளும் புழு வைக்கிற பெரிய ஈ வேறு குடும்பம், அது பாக்ட்ரோசெரா. வாழைப்பழத்தைப் பிசைந்து ஈஸ்ட் தூவி வைத்த பாட்டிலில் வந்து விழும் சின்ன ஈக்களும் எல்லாம் மெலனோகாஸ்டர் அல்ல. தென்னிந்தியாவில் டிரோசோஃபிலா அனனாசே மிகச் சாதாரணம். உடலில் வெள்ளிக்கோடு போட்டது போல் இருக்கும் சாப்ரியோனஸும் வரும். ஆண் ஈயின் முன்காலைப் பார்த்தால் பிரித்துவிடலாம். மெலனோகாஸ்டருக்கு முதல் கணுவில் ஒரே ஒரு கருப்புச் சீப்பு, பத்துப் பன்னிரண்டு பற்களோடு இருக்கும். அனனாசேயில் பற்கள் குறுக்காகப் பல வரிசைகளாக அமைந்திருக்கும்.

சடுதி மாற்றம் உள்ள வகைகளை வெளியில் பிடிக்க முடியாது, ஸ்டாக்காகத்தான், அதாவது தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் வளர்ப்பாகத்தான் வாங்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் டிரோசோஃபிலா ஸ்டாக் சென்டர் இருக்கிறது. துறைத் தலைவரின் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். தொடக்கத்துக்கு நான்கு ஸ்டாக் போதும்: இயல்பு வகை, அதாவது ஒரிகான்-ஆர் அல்லது கேன்டன்-எஸ், வெஸ்டிஜியல் (முளை இறக்கை), மினியேச்சர் (குட்டி இறக்கை), கர்லி (சுருள் இறக்கை). நாட்ச் (இறக்கை நுனியில் வெட்டு) கிடைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசிக்குப் பிறகு, மாசிக்கு முன் வரவழையுங்கள். கோடையில் பேருந்துப் பார்சலில் வரும் குப்பிக்குள் புழுக்கள் வெந்துவிடும். பிழைத்து வரும் ஆண் ஈக்களும் பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.

வந்த ஸ்டாக் ஒவ்வொன்றையும் இரண்டு பிரதியாகப் பிரித்து இரண்டு அறைகளில் வையுங்கள். ஒரு அறையில் எறும்போ உண்ணியோ புகுந்தால் மற்றது காப்பாற்றும். எறும்பு இந்தப் பக்கத்தில் சாதாரணத் தொல்லை அல்ல. ஒரே இரவில் ஒரு ரேக் முழுவதையும் காலி செய்துவிடும். ரேக்கின் கால்கள் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். வெறும் தண்ணீரில் தூசி படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்து வந்துவிடும்.

வெப்பம்தான் முதல் வேலை

வளர்ப்பு வெப்பம் 25 டிகிரி. இந்த அளவில் முட்டையிலிருந்து ஈ வர ஏறக்குறைய பத்து நாள்: முட்டைக்கு ஒரு நாள், முதல் நிலைப் புழுவுக்கு ஒரு நாள், இரண்டாம் நிலைக்கு ஒரு நாள், மூன்றாம் நிலைக்கு இரண்டு நாள், கூட்டுப்புழுவுக்கு நான்கு ஐந்து நாள். 18 டிகிரியில் இதுவே இரட்டிப்பாகி 19, 20 நாளாகும். 30 டிகிரியைத் தாண்டி வளர்ந்தால் ஆண் ஈக்களின் விந்தணு உற்பத்தி நின்று மலடாகும்.

இறக்கை படிக்கிறவர்களுக்கு வெப்பம் இன்னொரு வகையிலும் முக்கியம். வெஸ்டிஜியல் ஈயின் இறக்கை 25 டிகிரியில் வெறும் முளையாகத்தான் இருக்கும். 30 டிகிரிக்கு மேல் வளர்த்தால் அதே மரபணு உள்ள ஈக்களுக்கு இறக்கை நீளமாகி, ஓரம் கடித்தது போல வரும். கர்லி இதற்கு நேர் எதிர். 25 டிகிரியில் இறக்கை மேல்நோக்கி நன்றாகச் சுருளும். 20க்குக் கீழே சுருள் தளர்ந்து, சில ஈக்கள் இயல்பு வகை போலவே தெரியும். மார்கழியில் குளிர்ந்த அறையில் கர்லியை எண்ணினாலும், வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே வெஸ்டிஜியலை எண்ணினாலும் தவறான எண்ணிக்கைதான் கிடைக்கும். நோட்டில் ஒவ்வொரு கலப்புக்கும் மேலே அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைத் தினம் எழுதாமல் செய்யும் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

25 டிகிரி இன்குபேட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை, பழைய செட்டிநாட்டு வீட்டின் உள்கட்டு அறை போதும். தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் பகல் இரவு ஏற்ற இறக்கத்தை வெகுவாகக் குறைத்துவிடும். முற்றத்து வெயில் நேராக விழாத அறையாகவும், மாடியாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு மணை போட்டு அதன் மேல் ரேக்கை வைக்கலாம். கோடையில் இது உதவாது. உள்ளறையும் 30 தாண்டும். அப்போது தெர்மோகோல் பெட்டிதான். மீன் ஐஸ் வைத்து வரும் பெட்டி கிடைத்தால் நன்றாகக் கழுவி, காயவைத்துப் பயன்படுத்தலாம். உறையவைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். நேராகக் குப்பியில் படக்கூடாது. ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூடியில் பென்சில் தடிப்பில் நான்கு ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். 23 முதல் 27க்குள் நின்றால் தொடக்க நிலைக் கலப்புகளுக்குப் போதும்.

இன்னொன்றை ஒருபோதும் விடக்கூடாது. ஒவ்வொரு கலப்புக்கும் பக்கத்தில், அதே பெட்டியில், அதே நாளில் ஊற்றிய உணவில், இயல்பு வகை ஈக்களின் ஒரு குப்பி இருக்க வேண்டும். அந்தக் குப்பியிலும் இறக்கை கோணினால் காரணம் மரபணு இல்லை.

உணவு

மைசூரில் பல்லாண்டுகளாக ரவையும் வெல்லமும் போட்டே ஈ வளர்க்கிறார்கள். நம் ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் என்பதால் அதையே பரிந்துரைக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், புரோப்பியோனிக் அமிலம் 7.5 மில்லி. கடைகளில் கடல்பாசி என்று விற்பதும் அகர்தான். நறுக்கி ஊறவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் கெட்டித்தன்மை பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். முதலில் 100 மில்லி செய்து, ஆறியபின் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். நகரக்கூடாது.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மணல் இருக்கும். அகரைப் போட்டுக் கொதிக்கவிட்டு, முழுதும் கரைந்ததும் ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கஞ்சிப் பதம் வந்து பத்து நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். புரோப்பியோனிக் அமிலத்தைச் சூடு 60 டிகிரிக்கு இறங்கியபின் ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போகும், மூன்றாம் நாளே பூஞ்சை வரும். நெடி கண்ணை எரிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள். கலந்ததும் குப்பிக்கு 8 முதல் 10 மில்லி ஊற்றுங்கள். கால் லிட்டருக்கு 25 குப்பி வரும்.

ஊற்றிய குப்பிகளை மெல்லிய வேட்டித் துணியால் மூடி ஓர் இரவு ஆறவிடுங்கள். துணி இல்லாமல் விட்டால் ஊர் ஈக்கள் வந்து முட்டையிடும். பத்து நாள் கழித்து உங்கள் வெஸ்டிஜியல் ஸ்டாக்கில் நீள இறக்கை ஈக்கள் பறந்தால் காரணம் இதுவாகவே இருக்கும். காலையில் குப்பிச் சுவரில் நீர்த்துளி இருந்தால் துடைத்து, உலர் ஈஸ்ட் துகள் ஏழெட்டு தூவி, பஞ்சடைப்பு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை தொல்லை. கோடையில் உணவு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகி, இடுக்கில் ஈக்கள் விழுந்து சாகும். வெஸ்டிஜியல் ஈக்கள் பறக்க முடியாததால் முதலில் சிக்குவது அவைதான்.

மயக்குதல், ஆண் பெண், கன்னி ஈ

ஈதர் வேண்டாம். வீட்டிலும் வகுப்பறையிலும் தீப்பிடிக்கும் ஆபத்து. ஐஸ் போதும். குப்பியைப் பக்கவாட்டில் ஐஸில் நான்கைந்து நிமிடம் வைத்தால் ஈக்கள் அசையாமல் விழும். ஐஸ் மேல் பெட்ரி தட்டு, அதன் மேல் உலர்ந்த வடிதாள், அதன் மேல் ஈக்கள். வடிதாள் மிக அவசியம். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த தட்டில் உடனே வியர்க்கும். நனைந்த இறக்கை தட்டில் ஒட்டிச் சுருண்டுகொள்ளும், கர்லி என்று எண்ணிவிடுவீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஈதரில் மயக்கிய ஈக்களின் பழைய படங்களில் இறக்கை இரண்டும் செங்குத்தாக மேலே நிற்கும் ஈயைக் கண்டால், அது செத்த ஈ. சடுதி மாற்றம் அல்ல.

ஆண் சிறியது, வயிற்றின் நுனி முழுக்கக் கருப்பு, முன்காலில் சீப்பு. பெண் பெரியது, வயிறு கூர்மையாக, நுனி வரை வரிகள். எல்லாக் கலப்புக்கும் கன்னிப் பெண் ஈ வேண்டும், ஏனெனில் ஒரு முறை கூடிய பெண் விந்தணுவைச் சேமித்து நாள் கணக்கில் பயன்படுத்தும். 25 டிகிரியில் வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தால் கன்னிதான். காலையில் குப்பியில் இருக்கும் எல்லா ஈக்களையும் அகற்றிவிட்டு, எட்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து புதிய பெண்களை எடுங்கள். வெளிறிய உடலும், வயிற்றில் தெரியும் கரும்பச்சைப் புள்ளியும் புதிதாக வந்ததன் அடையாளம். எடுத்த பெண்களைத் தனிக் குப்பியில் மூன்று நாள் வையுங்கள். புழு தெரிந்தால் யாரோ ஒருத்தி கன்னி இல்லை. அந்தக் குப்பியை முழுதாகத் தள்ளிவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஈ கூட்டைவிட்டு வந்த முதல் ஒரு மணி நேரம் இறக்கை மடிந்து கசங்கியே இருக்கும். பர்சிகான் என்ற ஹார்மோன் சுரந்து, உடல் திரவம் இறக்கைக்குள் ஏறி, விரிந்து, பிறகுதான் இறுகும். அந்த நேரத்தில் ஐஸில் வைத்தால் இறக்கை விரியாமலேயே கெட்டியாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் "புது இறக்கை வகை கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து காட்டும் ஈக்களில் பல இப்படி வந்தவை.

இறக்கை எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது

ஈயின் இறக்கை புழுவுக்குள்ளேயே தொடங்குகிறது. இருபுறமும் இறக்கை டிஸ்க் என்ற சிறு செல் தட்டு உண்டு. புழு முட்டையைவிட்டு வரும்போது அதில் சில பத்து செல்கள்தான். மூன்றாம் நிலை முடிவதற்குள் 30,000 முதல் 50,000 வரை பெருகும். டிஸ்க்கின் நடுப்பகுதி இறக்கைப் பரப்பாகும். மற்ற பகுதியிலிருந்து கீல் பகுதியும் மார்பின் மேல்பாதியும் வரும். கூட்டுப்புழுவில் டிஸ்க் வெளிப்புறமாகத் திரும்பி, இரண்டு அடுக்குகளாக ஒன்றின் மேல் ஒன்று படிகிறது.

இந்தத் தட்டைக் கூறு போடும் மரபணுக்களைத்தான் நாம் படிக்கிறோம். ஆப்டெரஸ் மேல்பக்கச் செல்களில் மட்டும் இயங்கும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சந்திக்கும் கோடு வயல் வரப்பு போன்றது. அங்கே நாட்ச் தூண்டப்பட்டு, விங்லெஸ் என்ற மரபணு இயங்கத் தொடங்குகிறது. நாட்ச்சும் விங்லெஸ்ஸும் சேர்ந்து நடுப்பகுதியில் வெஸ்டிஜியலை இயக்குகின்றன. வெஸ்டிஜியல் புரதம் ஸ்காலப்டு என்ற புரதத்தோடு இணைந்து, "நீ இறக்கைச் செல்" என்ற அடையாளத்தைத் தருகிறது. 1996இல் வெளியான ஆய்வில், வெஸ்டிஜியலைக் கண்ணிலும் காலிலும் செயற்கையாக இயக்கியபோது அங்கெல்லாம் இறக்கைத் திசு முளைத்தது. இதே காரணத்தால், வெஸ்டிஜியல் இல்லாத டிஸ்க்கில் நடுப்பகுதிச் செல்கள் அழிந்துபோகின்றன. முன், பின் பிரிவை எங்ரெயில்டு, ஹெட்ஜ்ஹாக், டெகாபென்டாப்ளெஜிக் ஆகிய மரபணுக்கள் கவனிக்கின்றன. நீள நரம்புகள் எங்கே ஓட வேண்டும் என்பது அதிலிருந்தே முடிவாகிறது.

நாட்ச் சொல்லித்தரும் பாடம் தனி. இது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஒரு நல்ல பிரதி இருந்தும் பெண் ஈக்கு இறக்கை நுனியில் வெட்டு விழுகிறது, ஏனெனில் அந்தக் கோட்டில் நாட்ச் புரதம் பாதியளவு இருந்தால் போதாது. ஆண் ஈக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், கெட்ட பிரதியைப் பெற்ற ஆண் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே நாட்ச் பெண்ணை இயல்பு ஆணோடு சேர்த்தால் வெட்டுள்ள பெண், இயல்புப் பெண், இயல்பு ஆண் என்று 1:1:1 வரும். பெண்கள் ஆண்களைப்போல் இரு மடங்கு இருப்பார்கள். வயதான ஈயின் இறக்கையும் நுனியில் கிழியும். வேறுபடுத்துவது எளிது: கிழிசல் கூர்மையான பல் பல்லாக, நரம்பை அறுத்துக்கொண்டு போகும். நாட்ச் வெட்டு வழுவழுப்பாக வளைந்திருக்கும், ஓர முட்கள் அந்த இடத்தில் முளைத்தே இருக்காது, மூன்றாம் நீள நரம்பும் ஐந்தாம் நீள நரம்பும் தடித்துத் தெரியும்.

விங்லெஸ் மரபணுவின் முதல் சடுதி மாற்ற வகையைக் கண்டறிந்தது டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில். ஆர். பி. சர்மா 1973இல் அறிவித்தார். 1976இல் சர்மாவும் சோப்ராவும் விரிவாக எழுதினார்கள். அந்த ஸ்டாக்கில் ஒரு ஈக்கு ஒரு இறக்கை இருக்கும், மறுபக்கம் இறக்கைக்குப் பதிலாக மார்புப் பகுதியின் கண்ணாடி பிம்பம் இருக்கும். இன்னொன்றுக்கு இரண்டுமே இருக்கும், வேறொன்றுக்கு இரண்டுமே இருக்காது. எல்லா ஈக்களுக்கும் மரபணு ஒன்றே. ஒரு மரபணு வகை எல்லா உடலிலும் ஒரே விதமாக வெளிப்படும் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1987இல், எலிகளில் மார்புப் புற்றுநோயோடு தொடர்புடைய இன்ட்-1 என்ற மரபணுவும் இதுவும் ஒரே குடும்பம் என்று தெரியவந்தது. மனிதத் திசு வளர்ச்சி பற்றிய பெரிய ஆராய்ச்சித் துறை ஒன்று அதிலிருந்து கிளைத்தது.

வார்ட்ஸ், ஹிப்போ போன்ற மரபணுக்கள் திசு எங்கே வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அவை கெட்டால் டிஸ்க் அளவுக்கு மீறிப் பருக்கும். ஆனால் அந்த ஈக்கள் வளர்ந்து வருவதற்கு முன்பே இறப்பதால், உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் மாற்றம் உண்டாக்கும் மொசைக் முறை தேவைப்படும். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

மூன்று கலப்புகள்

முதலில் வெஸ்டிஜியல். இரண்டாம் குரோமோசோம், ஒடுங்கு பண்பு. வெஸ்டிஜியல் கன்னிப் பெண் ஐந்து, இயல்பு ஆண் ஐந்து. இந்தத் திசையிலேயே செய்யுங்கள். ஆண் ஈ இறக்கையை அதிரவைத்துத்தான் பெண்ணைக் கவர்கிறது, முளை இறக்கை ஆணால் அது முடியாது. ஏழாம் நாள் பெற்றோரை அகற்றுங்கள். மறந்தால் பெற்றோரும் பிள்ளைகளும் கலந்துவிடும். பத்தாம் நாளிலிருந்து முதல் தலைமுறை வரும், எல்லாம் நீள இறக்கை. முளை இறக்கை ஒன்று தெரிந்தாலும் பெண்கள் கன்னி இல்லை என்று பொருள். முதல் தலைமுறை ஈக்களில் ஐந்து ஜோடியைப் புதுக் குப்பியில் விட்டு, மீண்டும் ஏழாம் நாள் அகற்றி, பத்தாம் நாள் முதல் பதினெட்டாம் நாள் வரை தினம் எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்த தலைமுறை கலந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 384 ஈக்களில் 300 நீளம், 84 முளை என்று வைத்துக்கொள்வோம். 3:1 எதிர்பார்ப்பு 288, 96. வேறுபாடு 12. கை-ஸ்கொயர், அதாவது எதிர்பார்ப்பிலிருந்து விலகலின் அளவு: வேறுபாட்டின் வர்க்கமான 144ஐ 288ஆல் வகுத்தால் 0.5, 96ஆல் வகுத்தால் 1.5, மொத்தம் 2.0. எல்லை 3.84, ஆகவே 3:1 பொருந்துகிறது. அதே 384இல் 62 மட்டுமே முளை என்றால் மதிப்பு 16ஐத் தாண்டும். அப்போது மெண்டலைச் சந்தேகிக்காதீர்கள், குப்பியைச் சந்தேகியுங்கள். வெஸ்டிஜியல் புழுக்கள் நெரிசலில் தோற்கும், ஈக்கள் உணவில் ஒட்டிச் சாகும், வெளிவரவும் தாமதமாகும். உணவின் மேல் ஒட்டிக்கிடக்கும் செத்த ஈக்களையும் ஊசியால் எடுத்து எண்ணினால் கணக்கு பெரும்பாலும் நேராகும். முதல் மூன்று நாள் மட்டும் எண்ணி நிறுத்துவதும் இதே பிழையைத் தரும்.

இரண்டாவது மினியேச்சர், எக்ஸ் குரோமோசோம். மினியேச்சர்ப் பெண்ணோடு இயல்பு ஆணைச் சேர்த்தால் மகன்கள் எல்லோருக்கும் குட்டி இறக்கை, மகள்கள் எல்லோருக்கும் இயல்பு இறக்கை. திசையை மாற்றினால் முதல் தலைமுறை முழுதும் இயல்பு. இரண்டு திசையையும் ஒரே வாரத்தில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது கர்லி. சுருள் ஈ இரண்டைச் சேர்த்தால் 3:1 வராது, 2:1 வரும். இரண்டு பிரதியும் கர்லியாக உள்ளவை வளர்வதற்குள் இறந்துவிடும். 25 டிகிரியில் மட்டும் எண்ணுங்கள்.

இறக்கையைக் கழற்றி முடிகளை எண்ணுதல்

இறக்கைப் பரப்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு நுண்முடி. முடியை எண்ணினால் செல்லை எண்ணியதாகும். இறக்கை சிறியது என்று சொல்வதோடு நிற்காமல், செல்கள் குறைந்ததாலா, செல்கள் சிறுத்ததாலா என்று ஒரு சாதாரண நுண்ணோக்கியில் பிரித்துச் சொல்லிவிடலாம். பழ ஈ நமக்குத் தரும் மிகப் பெரிய வசதி இதுதான் என்பது எங்கள் கருத்து. பல கல்லூரிகளில் கலப்பு எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டு இதைச் செய்வதே இல்லை. அது பெரிய இழப்பு.

ஈக்கள் வெளிவந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். ஒரு ஃபோர்செப்ஸால் மார்பைப் பிடித்து, இன்னொன்றால் இறக்கையின் அடியை, பரப்பைத் தொடாமல், கீலோடு பிடித்து இழுங்கள். எப்போதும் வலது இறக்கை, எப்போதும் பெண். ஆண் இறக்கை இயல்பிலேயே சிறியது. கலந்தால் சராசரி பொய்யாகும். ஐசோபுரோப்பனாலில் ஒரு நிமிடம் நனைத்து, ஸ்லைடில் மெல்லிய பிரஷால் விரித்து, காய்ந்ததும் ஒரு சொட்டு டிபிஎக்ஸ் (ஸ்லைடில் நிரந்தரமாக ஒட்டும் பசை) விட்டு மூடுதகட்டைச் சாய்வாக இறக்குங்கள். தண்ணீரில் போட்டால் மடிந்து காற்றுக்குமிழி சிக்கும். வகைக்கு இருபது இறக்கை.

குறைந்த பெரிதாக்கலில் முழு இறக்கையையும் கைப்பேசியால் படம் எடுத்து, ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் (நுண்ணளவுகோல் பொறித்த ஸ்லைடு) அதே அளவில் படம் எடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் பரப்பளவு காணுங்கள். பிறகு 400 மடங்கில், நான்காம் ஐந்தாம் நரம்புகளுக்கு நடுவே, குறுக்கு நரம்புக்கு வெளிப்புறமாக, 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் முடிகளை எண்ணுங்கள். இறக்கைக்கு இரண்டு அடுக்கு. ஃபோகஸை மெல்லத் திருப்பினால் முதலில் மேலடுக்கு முடியும் பிறகு கீழடுக்கு முடியும் தெளியும். ஒரு அடுக்கை மட்டும் எண்ணுங்கள். எல்லா ஸ்லைடிலும் அதே இடம், அதே அடுக்கு.

மினியேச்சரில் முடிகள் நெருக்கமாக நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். செல் எண்ணிக்கை ஏறக்குறைய இயல்புதான். கூட்டுப்புழுப் பருவத்தின் முடிவில் செல்கள் தட்டையாக விரிய வேண்டும், இதில் விரிவதில்லை. பரப்பு குறைந்தும் முடி நெருக்கம் மாறாமல் இருந்தால் செல்களே குறைவு: பெருகவில்லை அல்லது செத்தன. குளிரில் வளர்ந்த ஈக்கு இறக்கை பெரிதாக, முடிகள் விலகி இருக்கும், அது செல் அளவின் வேறுபாடு. நெரிசலில் பட்டினி கிடந்து வளர்ந்த ஈக்கு இறக்கை சிறிதாகும். ஆகவே ஒரு குப்பியில் ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் விடாமல் இருந்தால்தான் இந்த அளவீட்டுக்கு மதிப்பு.

புழுவைத் திறந்து டிஸ்க் பார்த்தல்

முட்டையிட்ட ஐந்தாம் நாள், உணவைவிட்டுக் குப்பிச் சுவரில் ஏறும் தடித்த புழுதான் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக்கரைசல்: லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24, பிஎச் 7.4. வெறும் தண்ணீரில் செல்கள் உப்பி வெடிக்கும்.

புழுவை நடுவில் பிடித்து இரண்டாகக் கிழித்து, முன்பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு வாய்க்கொக்கியை ஃபோர்செப்ஸ் நுனியால் உள்ளே தள்ளிக்கொண்டே தோலை அதன் மேல் உருட்டினால், உள்பக்கம் வெளியாகத் திரும்பிவிடும். வெண்மையாக, பால் போல் தெரியும் கொழுப்புத் திசுவை அகற்றுங்கள். வெள்ளிக்கம்பி போல் பளபளக்கும் மூச்சுக்குழாயைப் பக்கவாட்டில் பின்தொடர்ந்தால், அதில் ஒட்டிய கண்ணீர்த்துளி வடிவத் தட்டு கிடைக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒளி ஊடுருவும், உள்ளே மடிப்பு வளையங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறியவை மூன்றாம் காலின் டிஸ்க்கும் ஹால்டியர் (பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் உள்ள சமநிலை உறுப்பு) டிஸ்க்கும். முதல் பத்துப் புழுக்களில் தேடிக் களைப்பதே நடக்கும். கொழுப்பை முழுக்க அகற்றாததுதான் பெரும்பாலும் காரணம்.

இயல்பு வகை டிஸ்க்கையும் வெஸ்டிஜியல் டிஸ்க்கையும் ஒரே சொட்டில் பக்கம் பக்கமாக வையுங்கள். பின்னதில் நடுப்பகுதி இல்லை, மார்பாகும் பகுதி நன்றாகவே இருக்கிறது. வெஸ்டிஜியல் ஈக்கு மார்பு சரியாக இருந்து இறக்கை மட்டும் போனது ஏன் என்பது அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

புது இறக்கை வகை கண்டால்

வினோத இறக்கை ஒன்றைக் கண்டதும் படம் எடுத்து, நாளும் வெப்பமும் எழுதி, உயிரோடு தனியே பிரியுங்கள். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டுமா என்று குறியுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் காயம் அல்லது ஈரம். அதே குப்பியின் உடன்பிறப்புகளையும், பக்கத்து இயல்பு வகைக் குப்பியையும் பாருங்கள். பிறகு இயல்பு வகையோடு கலந்து, முதல் தலைமுறையைத் தமக்குள் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 25 டிகிரியில் முந்நூறு ஈக்களாவது எண்ணுங்கள். திரும்ப வராவிட்டால் சூடோ, பட்டினியோ, ஐஸோ செய்தது. திரும்ப வந்தால், ஆண் பெண் கணக்கைப் பிரித்துப் போட்டு எக்ஸ் குரோமோசோமா என்று பாருங்கள், பிறகு அதைக் கையில் உள்ள வெஸ்டிஜியல், மினியேச்சர் ஸ்டாக்குகளோடு கலந்து, பழைய மரபணுவின் இன்னொரு வகைதானா என்று சோதியுங்கள்.

எண்ணி முடித்த ஈக்களை ஜன்னலுக்கு வெளியே விடக்கூடாது. சோப்புத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்றை மேசையிலேயே வைத்து அதில் தள்ளுங்கள். பழைய குப்பிகளை ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, புழுவும் கூட்டுப்புழுவும் செத்த பிறகே கழுவுங்கள்.